கிடேரிக்கு நாள் குறித்தல்

ஒரு கிடேரி ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வந்த பருவம் கலப்பின மாட்டில் 12 முதல் 18 மணி நேரம் நிற்கும். நாட்டு மாட்டில் இன்னும் குறைவு. பத்து மணி நேரத்துக்குள் அடங்கிவிடுவதும் உண்டு. அது இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி, கோழி கூவுவதற்குள் முடிந்துபோனால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் விட்டதற்கு அபராதம் இன்னும் 21 நாள் வைக்கோல், தவிடு, தண்ணீர். அதுவும் ஒரு சொட்டுப் பால் கறக்காத மாட்டுக்கு.

காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களில் கறவை என்பது பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ. கொட்டகையில் கயிற்றில் நிற்கிறது. பருவத்தின் சந்தேகமில்லாத அடையாளம், இன்னொரு மாடு மேலே தாவும்போது விலகாமல் நிற்பது. தாவுவதற்கு இன்னொரு மாடு இருந்தால்தானே? ஒற்றையாகக் கட்டப்பட்ட கிடேரியிடம் மிச்சமுள்ள அடையாளங்களைத்தான் பார்க்க முடியும்: ஓயாமல் கத்துவது, தீனியில் வாய் வைக்காதது, அடிக்கடி மூத்திரம் பெய்வது, பிறப்புறுப்பு தடித்துச் சிவப்பது, வாலடியில் கண்ணாடி போலச் சளி ஒழுகுவது. முதல் தடவை பருவத்துக்கு வரும் கிடேரிகளில் பல இவற்றில் எதையும் காட்டாமலே ஊமைப் பருவமாகக் கடந்துவிடும்.

காலையில் தெரிந்தால் மாலையில் சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல்; மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். கால்நடை மருந்தகங்களில் எல்லோரும் சொல்லும் இந்தக் கணக்கு, 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் நடத்திய சோதனைகளிலிருந்து வந்தது. பருவம் தொடங்கிச் சுமார் 24 முதல் 30 மணி நேரத்தில் முட்டை வெளிப்படுகிறது. விந்தணு அதற்குச் சில மணி நேரம் முன்பே போய்க் காத்திருக்க வேண்டும். கணக்கில் பிழையில்லை. ஆனால் பருவம் எப்போது தொடங்கியது என்று யாராவது பார்த்திருக்க வேண்டும்.

பார்க்கவே வேண்டாம், நாங்கள் நாள் குறித்துத் தருகிறோம் என்று மருந்து சொல்லத் தொடங்கி ஐம்பது ஆண்டு ஆகிறது. இன்று பருவத்தை ஒருங்கிணைக்கும் ஹார்மோன் முறைகள் பல உண்டு. இரண்டு ஊசியில் முடிவது, மூன்று ஊசி வேண்டியது, கருப்பை வாயருகே மருந்துக் கருவியை வைத்து எடுப்பது என்று வகைவகையாக இருக்கின்றன. அவற்றில் அநேகமாக எல்லாமே நூற்றுக்கணக்கான மாடுகள் நிற்கும் பண்ணைகளுக்காக உருவானவை. நூறு மாட்டையும் ஒரே நாளில் ஒரே வரிசையில் நிறுத்தி ஊசி போடுவதுதான் அங்கே லாபம். ஒரு கிடேரியும் ஒரு கறவையும் மட்டுமே உள்ள வீட்டில் இந்த மருந்துக்கு என்ன வேலை? இதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, முட்டை வெளியான இடத்தில் உருவாகும் சிறு மஞ்சள் கட்டியிலிருந்து தொடங்க வேண்டும். கார்பஸ் லூட்டியம் என்று மருத்துவர்கள் சொல்லும் இது புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அந்தச் சுரப்பு இரத்தத்தில் இருக்கும்வரை மாடு பருவத்துக்கு வராது, சினையும் கலையாது. மாடு சினைப்படாவிட்டால் 16, 17ஆம் நாளில் கருப்பையே ஒரு வேதிப்பொருளை அனுப்பி அந்தக் கட்டியைக் கரைக்கிறது. புரோஜெஸ்டிரோன் சரிந்ததும் சினைப்பையில் தயாராக நிற்கும் முட்டைக் குமிழ் பெருத்து ஈஸ்ட்ரோஜனைப் பொழிகிறது. மாடு கத்துகிறது. மூளையிலிருந்து வரும் ஒரு கட்டளையில் குமிழ் வெடித்து முட்டை வெளியேறுகிறது. மறுபடி மஞ்சள் கட்டி. இந்தச் சுற்றில் கை வைக்க மூன்று இடங்கள் உண்டு. கட்டியைக் கரைக்கலாம். கட்டி இல்லாதபோதும் இருப்பதுபோல வெளியிலிருந்து புரோஜெஸ்டிரோன் கொடுத்துப் பருவத்தைத் தள்ளிப்போடலாம். முட்டையை வெளியேற்றும் கட்டளையை ஊசியில் அனுப்பலாம்.

இந்த மூன்றில் முதலில் கைக்கு வந்தது இரண்டாவது வழி. புரோஜெஸ்டிரோனின் வேலையை அமெரிக்காவில் கார்னரும் ஆலனும் 1929இல் காட்டினார்கள். 1934இல் அது தனியே பிரித்தெடுக்கப்பட்டது. 1948இல் கிறிஸ்டியனும் காசிடாவும் கிடேரிகளுக்குத் தினமும் புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டார்கள். போட்ட நாளெல்லாம் பருவம் வரவில்லை. நிறுத்திய சில நாளில் எல்லாம் சேர்ந்து வந்தன. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இரண்டு வாரத்துக்கு மேலும் மருந்தை நீட்டிப் பார்த்தபோது பருவம் அழகாக ஒருங்கிணைந்தது, சினை மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. நாள்கணக்கில் தடுத்து வைத்த குமிழ் கிழடு தட்டிப்போக, அதிலிருந்து வரும் முட்டையும் மட்டமாகிறது என்பது பிற்பாடுதான் புரிந்தது. அமெரிக்க மாட்டிறைச்சிப் பண்ணைகளில் தீனியோடு கலந்து 14 நாள் தரப்படும் எம்ஜிஏ என்ற செயற்கை ஹார்மோனிலும் இதே கதைதான். அதை நிறுத்தியதும் வரும் முதல் பருவத்தில் சினை ஊசி போடக் கூடாது. அதை விட்டுவிட்டு, மருந்து நிறுத்திய 19ஆம் நாள் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்து அடுத்த பருவத்தில்தான் போடுவார்கள். பிள்ளையார் சுழி போடுவதற்கே ஒரு மாதம் பிடிக்கும் முறை.

கட்டியைக் கரைக்கும் பொருள் எது என்று கண்டுபிடிக்க ஐம்பது ஆண்டு பிடித்தது. 1923இல் லியோ லோப் கினிப் பன்றிகளின் கருப்பையை அகற்றிப் பார்த்தார். மஞ்சள் கட்டி கரையாமல் நீடித்தது. அப்படியானால் கரைக்கிற ஆள் கருப்பையில்தான் இருக்கிறார். அவர் யார் என்பது 1970களின் தொடக்கத்தில்தான் தெளிவானது: புரோஸ்டாகிளாண்டின் எப் 2 ஆல்பா. சில ஆண்டுகளில் அதை ஒத்த குளோப்ரோஸ்டினால் போன்ற செயற்கை மருந்துகளும் வந்தன. இன்று காரைக்குடி மருந்துக் கடையிலும் கிடைப்பது அந்த வகைதான். வழக்கமான அளவு 500 மைக்ரோகிராம், அதாவது பெரும்பாலான தயாரிப்புகளில் 2 மில்லி. கட்டை விரல் நகம் நனையும் அளவு மருந்து ஒரு மாட்டின் மாதச் சுற்றைக் குலைத்து அடுக்கிவிடுகிறது.

ஆனால் கரைக்க ஒரு கட்டி வேண்டும். பருவத்துக்குப் பிந்திய முதல் ஐந்து நாள் கட்டி இளசாக இருப்பதால் மருந்துக்கு மசியாது. 17ஆம் நாளுக்குப் பிறகு அது தானே கரைந்துகொண்டிருக்கும். எந்த நாளில் நிற்கிறது என்று தெரியாத பத்துக் கிடேரிகளுக்கு ஊசி போட்டால், சுற்றுக்குள் வந்துவிட்டவையில் ஆறேழு மட்டும் சில நாளில் பருவம் காட்டும். 11 நாள் கழித்து மறு ஊசி போட்டால் அநேகமாக எல்லாவற்றிலும் கரையத் தகுந்த கட்டி இருக்கும். இதுதான் இரட்டை ஊசி முறையின் கணக்கு. இன்னும் பருவ வயதையே எட்டாத கிடேரியின் சினைப்பையில் கட்டியே இராது. அதற்கு எத்தனை ஊசி போட்டாலும் பச்சைத் தண்ணீர் போட்ட மாதிரிதான்.

மூன்றாவது வழிக்கு ஜிஎன்ஆர்எச் வர வேண்டியிருந்தது. மூளையின் அடித்தளத்தில் மிகச் சிறிய அளவில் உருவாகும் இந்தப் பொருளின் அமைப்பை ஷாலி குழுவும் கில்லெமின் குழுவும் போட்டி போட்டுக்கொண்டு 1971இல் கண்டுபிடித்தன. லட்சக்கணக்கான பன்றி, செம்மறி மூளைத் துணுக்குகளை அரைத்துச் சலித்த வேலை அது. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசு. 1995இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் மூவரும் இதையும் புரோஸ்டாகிளாண்டினையும் கோத்து ஒரு கால அட்டவணை வெளியிட்டார்கள். முதல் நாள் ஜிஎன்ஆர்எச். ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின். அதிலிருந்து இரண்டு நாளில் மறுபடி ஜிஎன்ஆர்எச். பின் ஏறக்குறைய ஒரு நாளுக்குள், பருவம் தெரிந்ததா என்று பார்க்காமலே, சினை ஊசி. ஓவ்சிங்க் என்ற பெயரில் உலகின் கறவைப் பண்ணைகளை அடுத்த சில ஆண்டுகளில் இது பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் சினை பிடிக்காத மாடுகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் இன்று அதிகம் சொல்லும் முறையும் இதுவே.

சொல்லப்படாமல் போவது ஒன்று உண்டு. ஓவ்சிங்க் ஈன்ற மாட்டுக்கான முறை. கிடேரிக்கு அது பொருந்தாது. இதைச் சொன்னவர்கள் வேறு யாருமில்லை, கண்டுபிடித்தவர்களேதான். 1997இல் பர்ஸ்லி குழு வெளியிட்ட ஒப்பீட்டில், கறவை மாடுகளில் நாள் குறித்துப் போட்ட ஊசிக்கும் பருவம் பார்த்துப் போட்ட ஊசிக்கும் சினை விகிதம் அநேகமாகச் சமம். இரண்டும் 38 விழுக்காட்டை ஒட்டி. கிடேரிகளில்? நாள் குறித்தால் 35, பருவம் பார்த்தால் 74. பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது.

காரணம் கிடேரியின் வேகம். ஒரு சுற்றில் முட்டைக் குமிழ்கள் அலையலையாக வளர்கின்றன. கறவையில் பெரும்பாலும் இரண்டு அலை. கிடேரியில் மூன்று அலை வருவது அதிகம். அலைகள் சீக்கிரம் மாறுவதால், முதல் ஜிஎன்ஆர்எச் போடும் நாளில் வெடிக்கத் தயாரான குமிழ் அங்கே இல்லாமல் போகும் வாய்ப்பும் அதிகம். முதல் ஊசி வீணானால் மற்ற ஊசிகளின் தாளம் மொத்தமும் தப்புகிறது. சில கிடேரிகள் புரோஸ்டாகிளாண்டின் போடும் நாளுக்கு முன்பே பருவத்துக்கு வந்து போய்விடும். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாலும், அட்டவணையில் இன்னும் நாள் இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்படுவதும் நடக்கிறது. அந்த இடத்தில் அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றே சினை ஊசி போடுவதுதான் சரி.

கிடேரிக்கென்று பிற்பாடு வந்த முறைகள் பழைய புரோஜெஸ்டிரோனிடமே திரும்பின, ஆனால் குறைந்த நாளுக்கு. நியூசிலாந்தில் 1980களில் உருவான சிடார் என்ற டி வடிவக் கருவி இதற்கு உதவியது. நைலான் தண்டின்மேல் சிலிக்கோன் பூச்சு, அதில் புரோஜெஸ்டிரோன்; பிறப்புப் பாதையில் வைத்தால் மருந்து மெல்லக் கசியும், நுனிக் கயிற்றை இழுத்தால் வெளியே வரும். கிடேரியில் ஐந்து நாள் மட்டும் இதை வைத்து, எடுக்கும் அன்று புரோஸ்டாகிளாண்டின் போட்டு, எட்டாம் நாள் ஜிஎன்ஆர்எச்சும் சினை ஊசியும் சேர்த்துப் போடுவது இன்று பல நாடுகளில் நடப்பில் உள்ள முறை. ஐந்து நாளில் மஞ்சள் கட்டி இளசாக இருக்கக்கூடும் என்பதால் புரோஸ்டாகிளாண்டினை ஒரு நாள் விட்டு மறுமுறையும் போடுவோர் உண்டு. நன்றாக வளர்ந்த கிடேரிகளில் 50 முதல் 60 விழுக்காடு வரை சினை பிடிக்கிறது. இந்தியாவிலும் இவ்வகைக் கருவிகள் கிடைக்கின்றன. விலைதான் ஊசியைவிடக் கூடுதல். பருவ வயதின் வாசலில் நிற்கும் கிடேரிகளில் சிலவற்றை அந்தச் சில நாள் புரோஜெஸ்டிரோனே தூண்டி உள்ளே இழுத்துவிடுகிறது என்பது இதன் கூடுதல் பலன். வேறெந்த ஊசியும் இதைச் செய்வதில்லை.

இந்த மருந்துகளை மிக அதிகமாகப் பயன்படுத்தும் மாடு எது என்று தேடினால் பதில் நம் பக்கம்தான் வந்து நிற்கும். ஆந்திரத்தின் ஓங்கோல் மாடுகள் கப்பலேறிப் பிரேசிலுக்குப் போய் நெல்லோர் என்ற பெயரில் பெருகின; அந்த நாட்டு இறைச்சி மந்தைகளில் பெரும்பகுதி இன்று அந்த வம்சம். இரவில் தொடங்கி இரவிலேயே முடியும் குறுகிய பருவம் நம் திமில் மாடுகளின் குணம். பல்லாயிரம் ஏக்கர் புல்வெளியில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் பருசெல்லி உள்ளிட்டோர் பருவம் பார்க்கும் வேலையை முழுவதும் கைவிட்டு, புரோஜெஸ்டிரோன் கருவி, ஈஸ்ட்ராடையோல், சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் ஒரு ஹார்மோன் ஆகியவற்றைச் சேர்த்து முறை வகுத்தார்கள். ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட தடவை அங்கே இவ்வாறு நாள் குறித்துக் கருவூட்டுகிறார்கள். ஆனால் அங்கே பயன்படும் ஈஸ்ட்ராடையோலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் உணவுக் கால்நடைகளில் கதவைச் சாத்திவிட்டது. குதிரை இரத்த விவகாரத்தில் விலங்குநல அமைப்புகள் கடுமையாகச் சண்டையிடுகின்றன. பிரேசிலை அப்படியே எடுத்து இங்கே நட முடியாது. திமில் மாட்டின் உடல் இம்முறைகளுக்கு இணங்கும் என்பதை மட்டும் அது நிரூபித்திருக்கிறது.

இனி செட்டிநாட்டுக்கு வரலாம். சிவகங்கை மாவட்டத்தின் பூர்வீக இனம் புலிக்குளம். மானாமதுரைப் பக்கத்துப் புலிக்குளம் ஊரின் பெயரைத் தாங்கிய இந்த மாடுகளைக் கிடை மாடு என்பார்கள். நூற்றுக்கணக்கில் ஊர் ஊராக ஓட்டிப்போய், அறுவடையான வயல்களில் இரவு கிடை போட்டு உரம் கொடுப்பதுதான் அவற்றின் பிழைப்பு. சிராவயல் மஞ்சுவிரட்டில் தெறித்து ஓடும் காளைகளில் பல இந்த ரத்தம். மானாமதுரையில் இந்த இனத்துக்கென ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வைத்திருக்கிறது. கிடைக்குள் காளையும் கூடவே நடக்கிறது. நடுச்சாமத்தில் வரும் பருவத்தைக் காளை தவற விடாது. நாள் குறிக்கும் வேலையே இல்லை. ஹார்மோன் முறை என்றால் ஒரே மாட்டை மூன்று நான்கு தடவை பிடித்துக் கட்ட வேண்டும். மனிதக் கை படாமல் வளர்ந்த கிடைக் கிடேரியிடம் அது ஒரு தடவையே பெரும்பாடு.

மருந்து தேவைப்படுவது, காளையும் மந்தையும் இல்லாத வீட்டு மாட்டுக்கு. சமவெளிக்கு ஜெர்சி என்ற தமிழ்நாட்டு இனவிருத்திக் கொள்கையின் வழியில் இங்கே பெரும்பாலும் ஜெர்சிக் கலப்புகள். ஈச்சங்கோட்டை, ஊட்டி போன்ற அரசு நிலையங்களில் உறைந்த விந்து தயாராகி, திரவ நைட்ரஜனில் மருந்தகம்வரை வந்துவிடுகிறது. மைசூர் அரண்மனைப் பண்ணையில் 1939இல் சம்பத்குமாரன் இந்தியாவின் முதல் செயற்கைக் கருவூட்டலைச் செய்ததிலிருந்து பார்த்தால், விந்தைக் கொண்டுவந்து சேர்க்கும் பிரச்சினை தீர்ந்தேவிட்டது. அதைப் போட வேண்டிய நேரம் எது என்பது மட்டும் இன்னும் வீட்டுக்காரர் கண்ணையே நம்பியிருக்கிறது.

அதற்கு முன்னால் இன்னொரு தடை. நாள் குறிப்பதற்கு முன் கிடேரி வயதுக்கு வந்திருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது வயதைவிட எடை. வளர்ந்த மாட்டின் எடையில் 60 முதல் 65 விழுக்காட்டை எட்டிய பிறகே சினைக்கு விடலாம் என்பது பொதுக் கணக்கு. ஜெர்சிக் கலப்புக்கு அது ஏறக்குறைய 225 முதல் 250 கிலோ. 25 கிலோவில் பிறக்கும் கன்று நாளொன்றுக்கு 500 கிராம் ஏறினால் 15 மாதத்தில் 250ஐத் தொடும். 250 கிராம்தான் ஏறுகிறது என்றால் 30 மாதம். பால் கறக்காத கிடேரிக்கு எதற்குத் தவிடு என்று வெறும் வைக்கோலில் விட்டு, கண்மாய்க் கரையில் சீமைக் கருவேல நெற்று பொறுக்கித் தின்னவிட்ட கிடேரி இந்த இரண்டாவது கணக்கில்தான் சேரும். எடை மேடைக்கு ஓட்டிப்போக வேண்டாம். முன்னங்காலுக்குப் பின்னே மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்முனைவரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 58, நீளம் 48 என்றால் 245 கிலோ. நாடா ஒன்று போதும்.

மலடு நீக்க முகாம்களுக்கு ஓட்டிவரப்படும் கிடேரிகள் பலவற்றில் நோய் ஏதுமில்லை, தீனிதான் போதவில்லை. அவற்றுக்கு முதலில் தர வேண்டியது குடற்புழு நீக்கமும், ஒரு கிலோ அடர்தீவனமும், தாது உப்பும். கால்நடைப் பல்கலைக்கழகமே தாது உப்புக் கலவை தயாரித்து விற்கிறது. அதன் கீழ் இயங்கும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் இவ்வட்டாரத்துக்குப் பக்கம். இரண்டு மூன்று மாதம் தேறிய கிடேரி தானாகவே பருவத்துக்கு வந்துவிடுவது உண்டு. அப்போது ஹார்மோன் செலவே மிச்சம். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியாக இருந்தால் எதுவும் பலிக்காது. கருவிலேயே அண்ணன் தம்பியின் ஹார்மோன் கலந்து பத்தில் ஒன்பது பிறவி மலடு. வாங்கும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது. சந்தையில் யாரும் பதில் சொல்வதில்லை.

மாடுகளை ஒருங்கே பருவத்துக்குக் கொண்டுவருவது என்ற எண்ணமே இந்த வீடுகளின் நலனுக்கு எதிரானது என்பதையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்துப் பண்ணையாளருக்கு வசந்தத்தில் புல் பொங்கும். அதற்குச் சற்று முன்பு மொத்த மந்தையும் ஈன்றுவிட்டால் ஆதாயம். இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றாகச் சினைப்பட்டால், இரண்டும் ஒன்றாகப் பால் வற்றும். ஈனும் முன் இரண்டு மாதம் கறக்காமல் விட வேண்டிய காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்ற ஒரு லிட்டரும் இராது. பத்து நாளுக்கொரு முறை வரும் பால் பணமும் நிற்கும். ஒன்று வற்றும்போது மற்றது கறக்க வேண்டும். வீட்டுக்குள் மாடுகள் விலகியே நிற்கட்டும். ஒருங்கிணைப்பு தேவைப்படுவது வீடுகளுக்கு இடையில்தான்: பத்து வீட்டின் பத்துக் கிடேரிகள் ஒரே நாளில் தயாரானால் மருத்துவர் ஒரு நடையில் ஊர் முடித்துப் போவார். பல முகாம்கள் ஒரு நாள் பரிசோதனையோடு நின்றுவிடுவது, குறித்த நாளில் மறுபடி வர ஆள் இல்லாததால்தான். முதல் ஊசி முகாமில், இரண்டாம் ஊசி விடுமுறையில் என்று ஆகும் ஒருங்கிணைப்பைவிட வீட்டுக்காரர் கண்ணே மேல்.

பருவமழைக் கணக்கும் பார்க்கலாம். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். பிப்ரவரி 10ஆம் தேதி பிடித்த சினை நவம்பர் 17ஐ ஒட்டி ஈனும். வடகிழக்குப் பருவமழையில் வரப்பும் கண்மாய்க் கரையும் பச்சை பிடித்திருக்கும் கார்த்திகை அது. பால் உச்சத்துக்கு ஏறும்போது தை அறுவடையின் புது வைக்கோலும் சேரும். ஊசி போடும் தை, மாசியிலும் வைக்கோல் புதிது. சித்திரை வெயிலில் நாள் குறித்தால் இதே மருந்துக்குப் பலன் குறைவு. வெப்பத்தில் முட்டையும் இளங்கருவும் தாங்குவதில்லை. மானாவாரிச் சிவகங்கைக்கு எந்த மருந்து என்பதைவிட எந்த மாதம் என்பதே முதல் கேள்வியாக இருக்கலாம்.

ஆபத்துகளில் முதன்மையானது, சினையாக இருப்பது தெரியாமல் புரோஸ்டாகிளாண்டின் போட்டுவிடுவது. சினையைக் காக்கும் மஞ்சள் கட்டியையே கரைத்துவிடும் மருந்து அது, கரு கலைந்துவிடும். மேய்ச்சலுக்குப் போய் வரும் கிடேரிக்கு ஊசி எடுக்குமுன் கை விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். மனிதருக்கும் எச்சரிக்கை உண்டு. தோல் வழியாக உடம்பில் ஏறக்கூடிய மருந்து இது. கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் தொடவே கூடாது என்று தயாரிப்பாளர்களே அச்சிடுகிறார்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். குப்பியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும் எச்சரிக்கையை அவர்களுக்கு யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஹார்மோன் என்ற சொல்லைக் கேட்டதும் பால் குடிப்போருக்கு வரும் பயம் வேறு. புரோஸ்டாகிளாண்டின் உடம்பில் தங்குவதில்லை. இயற்கையான புரோஸ்டாகிளாண்டினில் பெரும்பகுதி நுரையீரல் வழியே ஒரு சுற்று வருவதற்குள் சிதைந்துவிடுகிறது. கிடேரியோ அடுத்த ஒன்பது மாதத்துக்குக் கறக்கப் போவதே இல்லை. ஊரில் கெட்ட பெயர் வாங்கியது ஆக்ஸிடோசின், பால் இறங்கச் சிலர் கள்ளத்தனமாகப் போடும் ஊசி. அதன் தனியார் உற்பத்திக்கு மத்திய அரசு 2018இல் தடை விதித்தது. பிரசவ மருந்து கிடைக்காமல் போகும் என்ற வாதத்தை ஏற்று அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அந்த வழக்கின் நிழலை இந்த மருந்துகள்மேல் போடுவது நியாயமில்லை.

பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும் வகையில் பிரித்த விந்து வந்ததிலிருந்து கிடேரிகளுக்கு மவுசு கூடியிருக்கிறது. எக்ஸ் விந்தணுவில் மரபுப்பொருள் சுமார் 3.8 விழுக்காடு அதிகம். அந்த வித்தியாசத்தைக் கொண்டு அமெரிக்க வேளாண் துறையின் லாரன்ஸ் ஜான்சன் வகுத்த பிரிப்பு முறை இன்று ஊட்டிவரை வந்துவிட்டது. வழக்கமான குச்சியில் 2 கோடி விந்தணு என்றால் பிரித்ததில் 20 லட்சம், 40 லட்சம்தான், ஆயுளும் குறைவு. ஆகவே சினை பிடிக்கும் திறன் அதிகமுள்ள கிடேரிக்கே அதைப் போடச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, கிடேரியை ஓவ்சிங்கில் ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு அந்த விலையுயர்ந்த குச்சியைப் போடுவது இரண்டு பக்கமும் நஷ்டம். இரட்டைப் புரோஸ்டாகிளாண்டின் போட்டு, இரண்டாம் ஊசிக்குப் பிந்திய இரண்டு மூன்று நாள் மட்டும் இரவு படுக்குமுன்னும் விடியலிலும் எழுந்து பார்த்து, பருவம் தெரிந்ததற்கு மட்டும் பிரித்த விந்து, தெரியாததற்குச் சாதா விந்து என்று வைத்துக்கொண்டால் காசுக்கு மோசமில்லை. 21 நாள் விழித்திருக்கச் சொன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். மூன்று நாள் இருப்பார்கள். ஒன்றிரண்டு மாடு உள்ள வீட்டுக்கு இந்த மருந்து தரக்கூடிய உண்மையான உதவி அதுதான்.

முதல் ஊசியில் கிராமப்புற மாடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் சினை பிடிக்கிறது என்பது நாட்டளவில் அரசே சொல்லும் கணக்கு. ஒருங்கிணைத்த பத்துக் கிடேரிகளில் நான்கைந்து நின்றாலே நல்ல முகாம். நிற்காத ஐந்தாறும் 18ஆம் நாளுக்கும் 24ஆம் நாளுக்கும் இடையில், இம்முறை மருந்து எதுவும் இல்லாமலே, கூட்டாகப் பருவத்துக்கு வரும். அந்த ஒரு வாரத்தில் மருந்தகத்து ஆள் ஊருக்குள் ஒரு சுற்று வந்தால் பாதிச் செலவில் இரண்டாம் வாய்ப்பு கிடைக்கும். காதில் மாட்டிய 12 இலக்க மஞ்சள் வில்லையின் எண்ணைப் பதிவு செய்யும்போது சினை ஊசித் தேதியும் கணினியில் ஏறுகிறது. 21ஆம் நாள் எது என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். இரண்டு மாதம் கழித்துச் சினைப் பரிசோதனைக்கு வருவதை மருந்தகங்கள் ஒழுங்காகச் செய்கின்றன. நடுவில் விழும் இந்த 21ஆம் நாள் நடைதான் எந்த முகாம் அட்டவணையிலும் இன்னும் இடம்பெறாமல் இருக்கிறது.